மாமன் ஓட்டிவந்த கார்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று மேலக்குளத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை மந்திரிக்குக்கூடக் கிடைத்திருக்காது. நான், என் பெண்டாட்டி பேச்சி, என் தங்கை கோமதி மூன்று பேரும் பழம், அல்வாவோடு இசக்கியைப் பார்க்கப் போயிருந்தோம். இசக்கி கோமதியின் ஒரே மகள். அவள் அப்பா போன பிறகு தாயும் மகளும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார்கள். அவளுக்கு எல்லாம் நான்தான், தாய்மாமன். இப்போது நாலாம் மாதம்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது அவள் மாமனார் நம்பிராஜன் மெதுவாக ஆரம்பித்தார். "பிரசவத்தை இங்கனயே வச்சிக்கிடுவோம். ஆஸ்பத்திரி பக்கம். வளைகாப்பு முடிஞ்சி ஒங்க ஊருக்கு பஸ்ஸுலயும் ஆட்டோவுலயும் குலுங்கக் குலுங்க அனுப்ப எனக்கு மனசில்ல."

கோமதியின் முகம் சுருங்கிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லாமலா?

நான் விடுவேனா? "பஸ்ஸு எதுக்கு அண்ணாச்சி? நானே கார் ஓட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்!" என்றேன். கூடத்தில் இருந்த பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். சிலர் எழுந்து நின்றார்கள் என்றும் ஞாபகம்.

நம்பிராஜன் சுண்ணாம்பு டப்பாவை மூடினார். "கல்யாணத்துலயே சொன்னீரு, ஷார்ஜாவுல ஷேக்குக்கு வண்டி ஓட்டினேன்னு. சரி வே. சபையில சொல்லிட்டீரு. வளைகாப்பு அன்னைக்கு ஒம்ம குடும்பத்துக் காருல, ஒம்ம வீட்டு ஆளே ஓட்டிட்டு வந்தா, புள்ளையக் கூட்டிட்டுப் போரும். வாடகைக் காரு, வாடகை டிரைவருன்னா புள்ள இங்கதான்."

"அவ்வளவுதானே!" என்று சிரித்தேன். இடி மாதிரிச் சிரிப்பு.

வாசல்வரை வந்த இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, வந்திருவிய இல்லா? இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதாவ. ஆனா அந்த நேரத்துல எனக்கு அம்ம பக்கத்துல இருக்கணும் மாமா."

திரும்பும்போது பஸ்ஸில் பேச்சி கேட்டாள்: "ஏங்க, ஒங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

ஜன்னலுக்கு வெளியே வயல்கள் ரொம்ப அழகாக இருந்தன. பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 12, புதன்

ஷார்ஜா விஷயத்தைத் தெளிவாக எழுதிவைப்பது நல்லது. ஷேக்கிடம் எட்டுக் கார்கள் இருந்தன. எட்டையும் உள்ளும் புறமும் என்னைப்போல் அறிந்தவன் அந்த அரபு நாட்டில் கிடையாது. எந்தக் காருக்கு எவ்வளவு சோப்பு, எந்தச் சீட்டுக்கு அடியில் எத்தனை பேரீச்சங்கொட்டை கிடக்கும், எல்லாம் அத்துபடி. ஷேக் தினமும் காலையில் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

ஆகவே எனக்கு வேண்டியது கார் மட்டும்தான். அதுவும் அமைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் சார் (சுற்றிவளைத்தால் எங்கள் குடும்பம்தான்) பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது, புதுக் காரின் சாவியை என்னிடம் கொடுத்து அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணிவைக்கச் சொல்லியிருந்தார். போனில் கேட்டேன். "பழகிக்கிடும். கேட்ட அன்னைக்கு வண்டி எடுத்த மாதிரியே இருக்கணும்" என்றார்.

நவம்பர் 19, புதன்

பழகுநர் லைசென்ஸ் வாங்கியாயிற்று. நான் எட்டாம் வகுப்பு வாசல்வரை படித்தவன் என்பதால் கம்ப்யூட்டர் பரீட்சை தூசு. பேச்சியும் எழுதினாள். "ஒங்கள ஒத்தையில விட்டா ஊருக்கு ஆபத்து, நானும் வாரேன்" என்றாள். வீட்டில் சும்மாதானே ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள், வரட்டும் என்று பெரிய மனதோடு அனுமதித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று நான் கார் ஓட்டினேன்! அரிசி மில்லுக்குப் பின்னால் உள்ள பொட்டலில். சொல்லிக்கொடுத்தது ரெஜினா என்ற பெண். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சின்ன வயசுதான், ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போலீஸ்காரி.

ஆவுடையப்பன் சாரின் கார் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. இரண்டே மிதிதான். கியர் கம்பியை 'டி'யில் வைத்து பிரேக்கை விட்டால் தேர் மாதிரி தானே நகர்கிறது.

"அங்கிள், இடது காலுக்கு இங்க வேலையே இல்ல. மடக்கி ஓரமா வையுங்க."

நான் வைத்தேன். ஆனால் என் இடது கால் உழைப்பாளி. ஒரு நாய் குறுக்கே வந்ததும் அதுவாகப் பாய்ந்து பிரேக்கில் ஏறிவிட்டது. பின்சீட்டில் இருந்த பேச்சியின் நெற்றி என் சீட்டில் இடித்தது.

"ஐயோ அங்கிள்! ஒரே காலுதான்னு சொன்னேன்லா!"

"பிரேக் எப்படி இருக்குன்னு பாத்தேம்மா" என்றேன். நன்றாகவே இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

ஆட்டோமேட்டிக் என் காலடியில் விழுந்துவிட்டது. இன்று ரெஜினாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஜார் வழியாகவே ஓட்டிப்போனேன். டீக்கடை முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மூன்று டீ கேட்டேன். கடைக்காரர் முத்தையா கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கியரே போட மாட்டேங்கிய?"

"கியர் எல்லாம் அந்தக் காலம். வண்டிக்கு மூளை இல்லாதப்ப மனுசன் போட்டான். இப்ப வண்டிக்கே மூளை இருக்கு" என்று கூட்டத்துக்கு விளக்கினேன்.

"ரெண்டுல ஒருத்தருக்காவது இருந்தா சரிதான்" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று பார்ப்பதற்குள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சி ஒரு காரியம் செய்தாள். ஸ்கூலின் கியர் வண்டியில்தான் பழகுவேன் என்று அடம். பட்டு மெத்தை கிடக்க யாராவது கயிற்றுக் கட்டிலைக் கேட்பார்களா? "இருவது வருசமா மிஷின் மிதிச்ச காலுங்க. சும்மா வையின்னா இருக்க மாட்டேங்கு" என்கிறாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

ரெஜினா பேச்சியை ரொம்பவே புகழ்கிறாள். வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்த பெண். பிழைத்துக்கொள்வாள்.

டிசம்பர் 24, புதன்

இடி விழுந்தது.

ஆவுடையப்பன் சாரின் மகன் கிறிஸ்துமஸ் லீவுக்கு ரயிலில் வந்தான். காரில் திரும்பிப் போகிறான். அங்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டுமாம். நியாயம்தான். சாவியைக் கொடுத்தேன். "நல்லா வச்சிருக்கீங்க மாமா" என்றான். வைக்காமல்? எட்டுக் காரைப் பார்த்தவன்.

கார் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றேன். பேச்சி பின்னால் வந்து, "சுயம்பு காரைக் கேப்போமா?" என்றாள். சுயம்பு அவள் தம்பி. அவன் கார் கியர் வண்டி. வயசு பேச்சியின் கல்யாணப் புடவைக்குச் சமம்.

டிசம்பர் 28, ஞாயிறு

சுயம்பு சாவியைக் கொடுக்கும்போது, "எடுத்துக்கிடுங்க அத்தான். ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், கொஞ்சிப் போடணும்" என்றான்.

எனக்குக் கொஞ்சத் தெரியாது. கட்டளையிடத்தான் தெரியும்.

மூன்று மிதி. இரண்டு கால். இந்தக் கணக்கை எந்த மடையன் போட்டான்? கிளட்சை மிதித்து, கியர் போட்டு, கிளட்சை விட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டுமாம். நான் விட்டேன். வண்டி தவளையாகத் துள்ளி அணைந்தது. மறுபடியும் துள்ளியது. பொட்டலில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு வரிசையாக நின்று பார்த்தன. அவற்றுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இத்தனைக்கும் நான் ஓட்டும்போது ஒரு விபத்தும் நடக்கவில்லை. ஓடினால்தானே நடக்கும் என்கிறாள் பேச்சி.

ஜனவரி 10, சனி

மேலக்குளத்து ஊருக்குள் இருந்து வெளியே வர ஒரே வழி, குளத்துக்கரை மேல் ஏறும் செங்குத்தான பாதை. ஆகவே இன்று கால்வாய்ப் பாலத்தில் ஏற்றம் பழகினோம். மேட்டின் நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கிலிருந்து காலை மாற்றினால் போதும், அதுபாட்டுக்கு ஏறும். இந்தக் கிழவன் அப்படியில்லை. நான் கிளட்சை விட்டேன். வண்டி அணைந்து, பின்னோக்கி இறங்கி, ஒரு வைக்கோல் படப்பில் போய் அமர்ந்தது. ரிவர்ஸில் இவ்வளவு நேராக யாரும் போனதில்லை என்று ரெஜினாவே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், கேட்டிருந்தால்.

பேச்சி சொன்னாள்: "இங்க பாருங்க. மிஷினை மெதுவா மிதிக்க ஆரம்பிக்கையில, ஊசி துணியைக் கடிக்கிற எடம் காலுக்குத் தெரியும். கிளட்சுலயும் அப்படி ஒரு எடம் இருக்கு. அங்க கால நிறுத்துங்க. வண்டி லேசா நடுங்கும். அப்பதான் ஹேண்ட் பிரேக்க விடணும்."

காரும் தையல் மிஷினும் ஒன்றா? பெண்களுக்கு எல்லாம் ரவிக்கைதான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காருக்கும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தேன். இன்று முழுவதும் ஒருமுறைகூட அணையவில்லை. ஸ்டார்ட் செய்யவில்லை.

ஜனவரி 21, புதன்

லைசென்ஸ் பரீட்சை. மைதானத்தில் எட்டுப் போட வேண்டும்.

நான் போட்டது எட்டு மாதிரியும் இருந்தது, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் 'ஃ' மாதிரியும் இருந்தது. அங்கே நின்ற இரண்டு கம்புகள் சரியாக நடப்படவில்லை. அதனால்தான் விழுந்தன. அதிகாரி நல்ல மனிதர். "பெரியவரே, இன்னொரு தடவை வாங்க" என்று அன்போடு அழைத்திருக்கிறார். அந்த நாள் வளைகாப்புக்கு அப்புறம்தான் கிடைக்கும்.

பேச்சி பாஸ். முதல் தடவையிலேயே. எட்டைப் போட்டுவிட்டு இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெண்டைக்கா வாங்கணும், சந்தை வழியாப் போவோமா?" என்று கேட்டாள்.

சாப்பிடும்போது தட்டில் பொரியலை வைத்துக்கொண்டே கேட்டாள். "வளைகாப்புக்கு நானே ஓட்டட்டுமா?"

"சபையில வாய் விட்டவன் நான்லா?"

அவள் மிஷினில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பழகுநர் லைசென்ஸ் இருக்கிறவன், முழு லைசென்ஸ் இருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓட்டலாம் என்று ரெஜினா சொல்லிவிட்டாள். ஆக ஓட்டப் போவது நான்தான். பேச்சி துணைக்கு.

ஜனவரி 27, செவ்வாய்

இசக்கி போன் செய்தாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"மாமா, 'ஒங்க மாமன் வாயாலதான் கார் ஓட்டுவாரு'ன்னு இங்க தெனமும் சிரிக்காவ. நான் எதுத்துப் பேசல. பொட்டியை மட்டும் அடுக்கி வச்சிட்டேன்."

"வச்சது சரி மக்களே. பொட்டி காருல ஏறும்" என்றேன்.

அதற்குப் பிறகு பொட்டலுக்குப் போய்த் தனியாகச் சாவி போடாமல் உட்கார்ந்து, இடது காலால் கிளட்சை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பழகினேன். எருமைகள் வரவில்லை.

ஜனவரி 31, சனி

மீசைக்கு மை பூசினேன். டயருக்குக் காற்று அடித்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் பேச்சி. பின்னால் கோமதி, மடியில் வளையல் தட்டும் புளியோதரைத் தூக்கும். முன்னால் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' எழுத்தின் மேல் ஒரு செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டேன், அழகுக்காக. அது ஆடி ஆடி எழுத்தைக் காட்டிக்கொண்டே வந்தது.

வழியில் சில இடங்களில் வண்டிக்கு ஓய்வு கொடுத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். குளத்துக்கரையிலிருந்து ஊருக்குள் இறக்கம். பிரேக்கை மட்டும் பார்த்துக்கொண்டேன். வண்டி ராஜநடையாக இறங்கி நம்பிராஜன் வீட்டு வாசலில் நின்றது. அணைந்தும்விட்டது. நிறுத்தத்தானே வேண்டும், இதில் என்ன குறை?

நம்பிராஜன் வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "வந்துட்டீரே வே!" என்றார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி.

இசக்கிக்கு இரண்டு கையும் நிறைய வளையல். கோமதி சந்தனம் பூசும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். பார்த்தால் அழுதுவிடுவார்கள் என்று எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வந்திருந்தார். அப்பா முன்னால் அதிகம் பேசமாட்டார். பெட்டியை அவரே கொண்டுவந்து டிக்கியில் வைத்தார்.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் புறப்பட வேண்டும். ஊரே வழியனுப்பக் காரின் பின்னால் நடந்து வந்தது. கரை மேட்டில் ஏறினேன். நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மேட்டில், மேலே கரைச் சாலையில் மினி பஸ் குறுக்கே வந்து நின்று ஆள் ஏற்றியது. நானும் நிறுத்தினேன்.

பஸ் போயிற்று. எடுத்தேன். துள்ளி அணைந்தது. பின்னால் ஒரு முழம் உருண்டது. பெண்கள் கத்தினார்கள். பிரேக்கை மிதித்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி அணைந்து, இந்தத் தடவை இரண்டு முழம். என் இடது கால் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. கையால் முட்டியைப் பிடித்து அமுக்கினேன். ஆடிக்கொண்டேதான் இருந்தது.

நம்பிராஜன் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். "போதும் வே, போதும்! புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு வெளையாட்டா? இசக்கி, நீ எறங்கு. வீட்டுக்குப் போவோம்."

கண்ணாடியில் இசக்கி தெரிந்தாள். கோமதியின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவ்வளவு வளையலும் சத்தமே போடவில்லை. இறங்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இறங்கினேன். காரின் முன்புறமாகச் சுற்றிப் போய்ப் பேச்சி பக்கத்துக் கதவைத் திறந்தேன். இந்தக் காரின் முகப்பு இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. நடக்க நடக்கத் தீரவில்லை.

"பேச்சி, நீ எடு."

நம்பிராஜனுக்குப் புரியவில்லை. "என்ன வே, அவியளா ஓட்டப் போறாவ?"

"ஆமா. எங்க வீட்டு ஆளு ஓட்டணும்னுதானே சபையில சொன்னீரு? எங்க வீட்ல லைசென்ஸ் வச்சிருக்கது இவதான். நான் பெயிலு."

பேச்சி இறங்கிச் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றி உள்ளே போட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். "கதவைச் சாத்துங்க அண்ணாச்சி" என்றாள் நம்பிராஜனிடம். அவர் சாத்திவிட்டார்!

நான் அவள் இடத்தில் ஏறிக்கொண்டேன். அவள் ஸ்டார்ட் செய்தாள். அவளுடைய இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல மேலே வந்தது. ஓரிடத்தில் நின்றது. வண்டி லேசாக நடுங்கியது. ஹேண்ட் பிரேக்கை விட்டாள். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. கிழவன் கும்பிட்டுக்கொண்டே ஏறினான்.

கரைமேல் நிறுத்தினாள். நம்பிராஜன் மேல்மூச்சு வாங்க ஏறி வந்தார். காரின் கூரையைத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை, பேச்சியைப் பார்த்தார். "பாத்துப் போங்கம்மா" என்றார். பிறகு குனிந்து இசக்கியிடம், "பேரனோ பேத்தியோ, இதே காருலதான் நீ திரும்பி வரணும். ஒங்க அத்தைய ஓட்டச் சொல்லு" என்றார். அவருக்கும் பேரப்பிள்ளை ஆசைதானே, பாவம்.

கொஞ்ச தூரம் போனதும் இசக்கி சிரிக்க ஆரம்பித்தாள். கோமதி சிரித்தாள். வளையல் எல்லாம் சேர்ந்துகொண்டது. நான் புளியோதரைத் தூக்கைத் திறந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

நேற்று நாங்கள் வந்து சேர்ந்தது இருட்டிய பிறகு, யார் ஓட்டி வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. இன்று இசக்கியைப் பார்க்கத் தெருவே வந்தது. முத்தையா கடையை விட்டுவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, சொன்னபடி ஓட்டிக் கூட்டிட்டு வந்துட்டியளே!"

"நான் எங்க ஓட்டினேன்? கரை மேட்டுல என்னால ஏத்த முடியல. அங்கருந்து வீடு வரைக்கும் பேச்சிதான் ஓட்டினா" என்றேன்.

கூடம் அதிரச் சிரித்தார்கள். எதிர்வீட்டு மாரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவோ சொல்லியிருக்கிய, நம்பியிருக்கோம். இது ரொம்ப ஓவரு."

"சத்தியமா மாரியக்கா."

"பாத்தியளா, சத்தியம் வேற பண்ணுதாவ!" அதற்கும் சிரிப்பு.

இசக்கியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள் வளையலை ஒதுக்கிக்கொண்டே, "எங்க மாமா ஒத்தக் கையால ஓட்டினாவ. மறு கை மீசையில" என்றாள். பிள்ளையா அது? என் ரத்தம்தான், சந்தேகமில்லை.

பேச்சி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க சொன்னா யாரு நம்புவா? விடுங்க."

நான் எப்படி விடுவேன்? வாழ்க்கையில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

பிப்ரவரி 4, புதன்

இசக்கிக்கு இன்று செக்கப். சுயம்புவிடம் காரைக் கேட்டு வாங்கினேன். பேச்சி பைபாஸ் வழியாகப் போகலாம் என்றாள். கூடாது, பஜார் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் பள்ளிக்கூடமும் ஆபீஸும் தொடங்குகிற நேரத்தில் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சி ஓட்டினாள். பின்னால் இசக்கியும் கோமதியும். நான் இடதுபக்க சீட்டில், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு. மாரியக்கா வாசல் தெளித்த வாளியோடு அப்படியே நின்றாள். முத்தையா ஆற்றிய டீ டம்ளருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"இப்ப நம்புதியளா?" என்று கேட்டேன். பஜார் முழுக்கக் கேட்டுக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா தாயும் பிள்ளையும் நலம் என்றார். திரும்பும்போது பேச்சி நூற்றி இருபது வேகத்தில் வந்தாள். லாரிகள் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்லின. ரயில்வே கேட்டில் செங்கோட்டை ரயில் நின்று எங்களுக்கு வழிவிட்டது. எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்து, "யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

வேகம் முப்பதுதான் என்கிறாள் பேச்சி. கேட் திறந்துதான் கிடந்தது, ரயிலே வரவில்லை என்கிறாள்.

அவளுக்குத் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளத் தெரியாது. அதற்குத்தான் நான் இருக்கிறேன்.